ஒன்பது அங்குல ஓரக்கல்

வேப்பமுறிப்புச் சந்தியில் கண்டி வீதியின் அகலம் நாற்பது அடி. அந்த நாற்பது அடியைக் கடந்து வேலைக்குப் போவதற்கு இராசமலருக்கு அறுநூறு மீற்றர் தேவைப்பட்டது.

வீதிக்குக் கிழக்கே, குளக்கட்டோடு ஒட்டிய குடியிருப்பில் அவளுடைய வீடு. மேற்கே, நேர் எதிரில், ஊரார் கமக்காரர் கந்தோர் என்று அழைக்கும் அரச அலுவலகம். இரண்டுக்கும் நடுவே, வீதியை அகலமாக்கிய காலத்தில் மஞ்சள் கோடுகள் பூசிய ஒரு பாதசாரிக் கடவை. கிழக்குப் பக்கத்தில் வீதியும் நிலமும் ஒரே மட்டம். முழங்காலுக்கு மேலே இரண்டு கால்களையும் யுத்தத்துக்குக் கொடுத்த இராசமலர், கைப்பிடியைச் சுழற்றி ஓட்டும் தன் மூன்று சில்லு வண்டியை அங்கே சிரமமின்றி இறக்குவாள். மேற்குப் பக்கத்திலோ மண்ணிட்டு உயர்த்திக் கல் பதித்த நடைபாதையும், அதன் விளிம்பில் ஒன்பது அங்குல உயரத்துக்கு நிமிர்ந்து நின்ற கொங்கிறீற் ஓரக்கல்லும் இருந்தன. மஞ்சள் கோடுகள் அந்தக் கல்லின் அடிவரை போய், அங்கே முடிந்தன. காலுள்ளவன் ஓர் எட்டு வைத்து ஏறிவிடுவான். அப்படியொரு கல் இருந்தது அவன் நினைவிலும் நிற்காது. சில்லில் வருபவளுக்கு அது மதில்.

ஆகவே இராசமலர் கடவையைக் கடந்ததும் இடப்பக்கம் திரும்பி, தன்னை நோக்கிப் பாய்ந்து வரும் வாகனங்களை முகத்துக்கு முகம் பார்த்தபடி, வீதி ஓரமாகவே முந்நூறு மீற்றர் தெற்கே போவாள். அங்கே எரிபொருள் நிரப்பும் பெற்றோல் செற்றுக்குள் வாகனங்கள் நுழைவதற்காக ஓரக்கல்லைத் தாழ்த்திப் பதித்திருந்தார்கள். அந்த வழியால் நடைபாதையில் ஏறி, வந்த தூரம் முழுவதையும் மறுபடி வடக்கே உருட்டிக்கொண்டு வருவாள். வாகனத்துக்காகத் தாழத் தெரிந்த கல்லுக்கு மனிதருக்காகத் தாழத் தெரியவில்லை.

கந்தோர் வாசலில் மட்டும் ஒரு குறையும் இல்லை. பளபளக்கும் கைப்பிடிக் கம்பிகளோடு அருமையான சாய்தளம் ஒன்று அங்கே இருந்தது. நாடா வெட்டித் திறந்துவைத்து, படம் பிடித்துப் பத்திரிகைக்கும் கொடுத்திருந்தார்கள். அந்தச் சாய்தளத்தின் அடிக்கு ஒருத்தி எப்படி வந்து சேர்வாள் என்ற கேள்வி மட்டும் அந்த வைபவத்துக்கு அழைக்கப்படவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில், நாற்பத்தொரு வயதில், அவளுக்குக் கிடைத்த முதல் அரச வேலை அது. விதைநெல்லுக்கும் உரத்துக்கும் பதிய வரும் கமக்காரரின் பெயர்களை எழுதும் கரும்பீட மேசை. ஒரு வருடம் தகுதிகாண் காலம். கந்தோரில் எட்டரை மணி அடித்ததும் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு ஒன்று கிழிக்கப்படும். அதற்குப் பிறகு வருபவர் கோட்டுக்குக் கீழே கையொப்பமிட்டு, பக்கத்துக் கட்டத்தில் காரணத்தையும் காட்டவேண்டும். தகுதிகாண் காலத்துக்குள் பத்துத் தடவை கோட்டுக்குக் கீழே போனால் மேலிடத்துக்கு அறிக்கை போகும். அறிக்கை போனவர்களுக்கு வேலை நிரந்தரமான சரித்திரம் அந்தக் கந்தோரில் இல்லை. முதல் பத்து மாதங்களில் இராசமலர் நான்கு தடவை கீழே போயிருந்தாள். நான்கு தடவையும் காரணக் கட்டத்தை நிரப்பியவர் அலுவலகத் தலைவி சுதாஜினி. நான்கிலும் ஒரே சொற்கள்: தனிப்பட்ட காரணம்.

அவள் சும்மா இருந்தவளல்ல. வீதி வேலை முடிந்த மாதத்திலேயே வீதிக் கந்தோருக்கு முதற்கடிதம் எழுதினாள். இரண்டு வருடத்தில் ஏழு கடிதங்கள். ஏழாவதற்கு ஒரு வரியில் பதில் வந்தது: கடவை வரைபடத்தின் பிரகாரம் பூரணப்படுத்தப்பட்டுள்ளது. கல்லின்மேல் சாய்த்துவைக்க ஒரு பலகையும் செய்வித்துப் பார்த்தாள். வீதியைத் துப்புரவாக்க வந்தவர்கள் அதை இடையூறு என்று எடுத்துப் போனார்கள். கல் இடையூறாகத் தெரியவில்லை, பலகைதான் தெரிந்தது. கடவையின் ஓரத்தில் கட்டடப் பொருட்கள் விற்கும் மஹ்றூப்பின் கடை வேலையாட்கள் இரண்டு தடவை அவளை வண்டியோடு தூக்கி நடைபாதையில் வைத்தார்கள். இரண்டாவது தடவை, தூக்கியவர்களில் ஒருவன் மற்றவனிடம், சீமெந்துப் பையைவிடப் பாரம் குறைவுதான் என்றான். அவன் பகிடியாகத்தான் சொன்னான். மூன்றாம் நாளிலிருந்து அவள் தூக்க விடவில்லை.

கல் ஒரு பக்கம் என்றால் வாகனங்கள் இன்னொரு பக்கம். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் சொகுசு பஸ்கள் வேப்பமுறிப்பை ஓர் ஊராகவே எண்ணுவதில்லை. மஞ்சள் கோட்டில் ஆளைக் கண்டால் வேகத்தைக் குறைக்கமாட்டார்கள், விளக்கைச் சிமிட்டுவார்கள். நான் வருகிறேன், நீ விலகு என்பதே அந்தச் சிமிட்டலின் பொருள். சட்டப் புத்தகம் கடவையில் நிற்பவருக்கு முன்னுரிமை கொடுத்திருந்தது. அந்தப் புத்தகம் பஸ்ஸில் ஏறி வடக்கே வரவில்லை போலும்.

இதற்கொரு வழி கண்டவர் வீரபாகு. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர், கெட்ட எண்ணம் என்பதையே அறியாத மனிதர். சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

“நானும் டிறைவர்தான். உண்மையைச் சொல்லுறன். முப்பது வருசத்தில இந்த மஞ்சள் கோட்டுக்கு ஒருநாளும் நான் பிறேக் பிடிச்சதில்லை. ஆனா முறிகண்டியில பிள்ளையாருக்கு நிப்பாட்டாமல் ஒருநாளும் போனதுமில்லை. கோட்டுக்கு நிக்காதவன் சாமிக்கு நிப்பான். இஞ்சயும் ஒரு பிள்ளையாரை வைப்பம்.”

கூட்டம் கைதட்டியது. முறிகண்டியில் எந்த வாகனமும் நின்று, உண்டியலில் காசு போட்டு, விபூதி பூசி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் புறப்படும் என்பது அந்த வீதியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். இராசமலர் மட்டும், முதலில் அந்தக் கல்லை வெட்டித் தாழ்த்தச் சொல்லி வீதிக் கந்தோருக்குச் சங்கமாகப் போவோம் என்று கேட்டாள். எல்லாம் வரும் பிள்ளை, முதலில் வாகனம் நிற்கட்டும் என்றார்கள். அவள் அதற்குமேல் வாதாடவில்லை. அவளும் கும்பிடுகிறவள். நேர்முகத் தேர்வுக்குப் போன அன்று முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தவள். உண்மையில் அன்றிரவு அவள் சற்று நம்பிக்கையோடுதான் உறங்கினாள்.

பதினொரு நாளில் கோயில் எழும்பியது. இரண்டு வருடமாக ஒரு கல்லை வெட்ட ஆளில்லாத ஊரில் மணல் வந்தது, கல் வந்தது, மேசன்மார் கூலி கேட்காமல் வந்தார்கள், பன்னிரண்டு பை சீமெந்து கரைந்தது. இடம் தேர்ந்ததும் வீரபாகுதான். நடைபாதை நெடுகிலும் கடை வாசல்கள். எந்தக் கடைக்கும் மறைக்காத வெற்றிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கடவை வந்து முடியும் வாய். மஞ்சள் கோடுகள் நேராக அதைக் காட்டிக்கொண்டும் இருந்தன. டிறைவரின் கண் தவறாமல் அங்கே விழும். இராசமலர் ஏழு கடிதங்களில் எந்த இடத்தில் சாய்தளம் கேட்டாளோ, அந்த இடத்தில், இரண்டடி உயரப் பீடமும் மூன்று படிகளும் அமைந்தன. அந்த இடம் ஏன் வெறுமையாக விடப்பட்டிருந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. அது மனிதர் கால்வைக்கும் இடம் என்பதாலேயே வெறுமையாக இருந்தது.

வீரபாகு சொன்னது பலித்தது. வாகனங்கள் நின்றன. எங்கே நின்றன? கோட்டுக்கு முன்னால் அல்ல, கோட்டின்மேல். பிள்ளையாருக்கு நேர் எதிரே, கடவையை அடைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றோல் செற்வரைக்கும் லொறிகளும் வான்களும் வரிசை கட்டின. சிதறிய தேங்காய்ச் சிரட்டைகள் அவளுடைய சில்லைக் கிழித்தன. ஒரு கிழமையில் கச்சான் வண்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. அவசரக்காரர்கள் நிற்கும் வரிசையைச் சுற்றிக்கொண்டு நடுவீதியால் முந்திப் போனார்கள். இராசமலர் ஓரமாகத் தெற்கே போகும் அந்த முந்நூறு மீற்றரும் இப்போது வாகன வரிசைக்கு அடியில் போய்விட்டது. வரிசைக்கு வெளியே, வீதியின் நடுப்பகுதியில்தான் அவள் போகவேண்டும். மூன்று கிழமையில் ஐந்து தடவை சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையொப்பமிட்டாள். அந்த ஐந்துக்கும் அதே தனிப்பட்ட காரணம்தான். நான்கும் ஐந்தும் ஒன்பது. தகுதிகாண் காலம் முடிய இன்னும் பதினேழு நாட்கள் இருந்தன.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. நெல் ஏற்றிய லொறி ஒன்று பிள்ளையாருக்காக நின்றது. அதன் வெளிப்புறமாக இராசமலர் தெற்கே உருட்டிக்கொண்டிருந்தாள். லொறிக்குப் பின்னாலிருந்து சொகுசு பஸ் ஒன்று முந்திக்கொண்டு வெளிப்பட்டது. அவளுக்குத் தெரிந்தது அதன் கண்ணாடி மட்டும்தான். கைப்பிடியை ஒடித்துத் திருப்பினாள். வண்டியின் முன்சில்லு பஸ்ஸின் ஓரத்தில் பட்டு வளையமாகச் சுருண்டது. அவள் லொறியின் பின்சில்லோடு சாய்ந்து விழுந்தாள். மணிக்கட்டு சுளுக்கியது, முழங்கை உரிந்தது. பஸ் நிற்கவில்லை. ஓடிவந்தவர்கள் அவளைத் தூக்கும்போதே ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள்: பிள்ளையார்தான் காப்பாற்றினார்.

வைத்தியசாலையில் இரண்டு நாள் ஓய்வு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஓய்வின் இரண்டாம் நாள் காலையில் வீரபாகு இரண்டு பெண்களோடு விபூதி கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, தயங்கித் தயங்கி, நூற்றெட்டுத் தேங்காய் உடைத்து ஒரு பூசை செய்யவேண்டும், அவளே வந்து முதல் தேங்காயைக் கொடுக்கவேண்டும் என்று ஊர் விரும்புவதாகச் சொன்னார்.

இராசமலர் விபூதியை மறுக்கவில்லை. நெற்றியில் பூசிக்கொண்டு, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அண்ணை, முறிகண்டியில பஸ்ஸை எங்க நிப்பாட்டுவீங்கள்? றோட்டிலயோ?”

“இல்லைப் பிள்ளை. ஓரத்தில இறக்கித்தான். அங்க வளவு கிடக்கு.”

“இஞ்ச எந்த வளவு கிடக்கு?”

வீரபாகு தலையைத் திருப்பிக் கடவைப் பக்கம் பார்த்தார்.

“இஞ்ச கிடந்த வளவு நான் போற பாதை. அதிலதான் லொறியை நிக்கவைச்சனீங்கள். அண்ணை, நீங்கள் சாமி வைச்சதுக்கு நான் கோவிக்கேல்ல. நானும் கும்பிடுறவள். சாமிக்கு நிக்கிறவன் எனக்கேன் நிக்கேல்ல எண்டு ஒருத்தரும் அவனைக் கேக்கேல்லையே, அதுக்குத்தான் கோவம். ரெண்டு வருசமா நான் சாய்தளம் கேக்கிறன். அதுக்கு ஒரு பை சீமெந்து காணும். நீங்கள் அதே இடத்தில பன்னிரண்டு பையைப் போட்டு எனக்குப் படி கட்டித் தந்திருக்கிறியள். காலில்லாதவளுக்குப் படி.”

கூட வந்த பெண்களில் ஒருத்தி, அப்படிச் சொல்லாதே, அன்று உயிர் தப்பியது யாராலே என்று மெல்லக் கேட்டாள்.

“என்னைக் காப்பாத்தினது பிள்ளையார் எண்டால், கொல்லப் பாத்தது ஆர்? அதையும் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

வீரபாகு தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பஸ்ஸின் வளையத்தைப் பிடித்த கைகள். கடைசியில், கடை வாசல்களை மறைக்கக்கூடாது என்றுதான் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். தேங்காயைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அன்று பின்னேரம் கந்தோரில் அவளோடு வேலை செய்யும் நிசாந்தினி வந்தாள். சுதாஜினி மிஸ் சொல்லியனுப்பிய செய்தி இதுதான்: அடுத்தது பத்தாவது, தயவுசெய்து நேரத்துக்கு வரவும். அதில் அதிகாரத்தைவிட வருத்தமே கூட இருந்தது. இராசமலர் சைக்கிள் கடையில் கொடுத்திருந்த வண்டிக்குப் பழைய சைக்கிள் சில்லு ஒன்றைப் பூட்டுவித்து, மறுநாள் வழமையைவிட முக்கால் மணித்தியாலம் முந்திப் புறப்பட்டாள்.

எட்டு மணிக்கு முன்பே அவள் கடவைக்கு வந்துவிட்டாள். எதிர்ப்பக்கத்தில் கல்லின்மேல் இரும்பு அலவாங்கு விழும் சத்தம் கேட்டது. வீரபாகு மேல்சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு மூன்று படிகளையும் உடைத்துக்கொண்டிருந்தார். பீடம் காலியாக இருந்தது. விடியற்காலையில் ஐயரைக் கூட்டிவந்து முறைப்படி எடுத்த பிள்ளையார், மஹ்றூப்பின் கடைத் தாழ்வாரத்தில், கழுவித் துடைத்த கதிரை ஒன்றில் இருந்தார். மஹ்றூப் நானாவின் கடையில் நல்ல விருந்தாளி என்று யாரோ சொல்ல, ஓம், இவர்தான் இண்டைக்குக் கடன் கேக்காமல் வந்த முதல் ஆள் என்றார் மஹ்றூப். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். தெற்கே, வீதி அகன்று ஓரத்தில் வாகனம் இறக்க இடமுள்ள மருதமரத்தடிக்குச் சாமியைக் கொண்டுபோவதென்று வீரபாகு சங்கத்துக்குச் சொல்லிவிட்டிருந்தார். உடைக்கக்கூடாது என்றவர்களிடம், கட்டினது நான், உடைக்கிறதும் நான் என்று மட்டும் சொன்னார்.

படிகள் விழுந்தன. அடியில் அந்தக் கல் இருந்தபடியே இருந்தது.

வீரபாகு அலவாங்கை ஓரக்கல்லின்மேல் ஓங்கியபோது வீதிக் கந்தோரின் ஜீப் வந்து நின்றது. அரச சொத்துக்குச் சேதம் என்று யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஏழு கடிதங்களுக்கும் விழுந்து கிடந்த பெண்ணுக்கும் இரண்டு வருடமாக வரத் தெரியாத வாகனம், ஒரு கல்லுக்கு நோகப் போகிறது என்றதும் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் பரமேஸ்வரன் இறங்கினார். கோடு போட்ட சேட், கையில் அளவு நாடா, முப்பத்தைந்து வயது மதிக்கலாம். அந்த ஒரு வரிப் பதிலில் இருந்த கையொப்பம் அவருடையது. ஓரக்கல்லைத் தொட்டால் பொலிசுக்குப் போகவேண்டிவரும் என்று அவர் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இராசமலர் கடவையைக் கடந்து ஜீப்பின் முன்னால் வந்து வண்டியை நிறுத்தினாள்.

“சேர், நாடாவைக் கொண்டுவந்த நீங்கள், அந்தக் கல்லை ஒருக்கா அளந்து சொல்லுங்கோ.”

அளப்பதில் என்ன நட்டம் என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து அளந்தார். ஒன்பது அங்குலம்.

“சில்லில வாற ஆள் இதில ஏற என்ன செய்யவேணும்?”

“ஒண்டுக்குப் பன்னிரண்டு சரிவு வேணும். ஓர் அங்குலம் ஏற ஓரடி நீளம். வெளியால கட்டி ஏத்தக்கூடாது, றோட்டுக்குள்ள நீட்டும். கல்லை வெட்டி நடைபாதையைத்தான் பதிக்கவேணும். அகலம் குறைஞ்சது ஐஞ்சடி. கண் தெரியாத ஆக்களுக்குக் காலில தட்டுப்படுற மாதிரி முன்னுக்குக் குமிழ்க்கல் ஒரு வரிசை. நடுவில நிண்டு போக ஒரு திட்டும்...”

பாடம் ஒப்பிப்பவரைப்போல் சரளமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்,” என்றாள் இராசமலர்.

“தெரியும் அக்கா. படிச்சதுதானே. ஆனா வரைபடத்தில இல்லை. அதில இல்லாததை நான் செய்ய ஏலாது.”

அவளுக்குள் அதுவரை எரிந்துகொண்டிருந்த கோபம் அந்தக் கணத்தில் வேறொன்றாக உருமாறியது. இத்தனை நாளும் அவள் அறியாமையோடு போராடுவதாக நினைத்திருந்தாள். தெரியாதவர்களுக்குத் தெரிவிக்கலாம் என்று நம்பியே ஏழு கடிதங்களையும் எழுதினாள். இப்போதோ, எத்தனை அங்குலத்துக்கு எத்தனை அடி என்று நாக்கு நுனியில் வைத்திருக்கும் மனிதர் ஒருவர், அவள் பஸ்ஸின் ஓரத்தில் சிக்கியபோதும் அதை நாக்கு நுனியிலேயே வைத்திருந்தார். மேசையில் இருந்து கோடு வரைந்தவன் இந்த வீதியைக் கண்டதில்லை; வீதியைக் கண்டவர் கோட்டைத் தாண்டத் துணியவில்லை. இடையில் கிடந்தது அவளுடைய உடம்பு.

கைபேசி அடித்தது. நிசாந்தினி.

“அக்கா, எட்டு இருவது. நீங்கள் நிக்கிறதை இஞ்ச யன்னலால பாக்கிறன். இண்டைக்கு மட்டும் தூக்க விடுங்கோ. காலைப் பிடிச்சுக் கேக்கிறன்... எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல அக்கா. கோடு கிழிக்கப்போகினம்.”

மஹ்றூப்பின் வேலையாட்கள் இருவரும் அருகில் வந்து நின்றார்கள். பகிடி சொன்னவன் இப்போது தலை குனிந்திருந்தான். தூக்கினால் ஒரு நிமிடம். மேலே போனால் எட்டு இருபத்தைந்துக்குக் கையொப்பம். ஒன்பது ஒன்பதாகவே நிற்கும். இன்னும் பதினைந்து நாள் எப்படியோ சமாளித்தால் வேலை நிரந்தரம். ஆனால் அவள் முதுகு திரும்பிய அடுத்த நிமிடம் ஜீப்பும் திரும்பிவிடும். பரமேஸ்வரன் சொன்னது காற்றோடு போகும். நாளைக்கும் அவளைத் தூக்கவேண்டும், நாளைக்கு மறுநாளும் தூக்கவேண்டும். அந்தக் கந்தோருக்கு உரம் பதிய வரும் ஊன்றுகோல்காரரையும், கண் தெரியாத கமக்காரரையும், வயிற்றுப் பிள்ளையோடு வரும் பெண்ணையும் தூக்க யார் இருக்கிறார்கள்?

எனக்காகக் காத்திராமல் கோட்டைக் கிழிக்கச் சொல்லு என்று நிசாந்தினியிடம் சொல்லிவிட்டுக் கைபேசியை மடியில் வைத்தாள்.

“சேர், இப்ப வாயால சொன்னதை எழுதித் தாங்கோ. உயரம், சரிவு, அகலம், எல்லாம். கையெழுத்தும் திகதியும். அதுவரைக்கும் நான் ஜீப்புக்கு முன்னால இருந்து அரக்கமாட்டன்.”

ஜீப்புக்குப் பின்னால் இரண்டு வான்கள் ஹோர்ன் அடித்தன. பரமேஸ்வரன் கூடி நின்றவர்களைப் பார்த்தார். அலவாங்கோடு நின்ற வீரபாகுவைப் பார்த்தார். அவளுடைய மணிக்கட்டின் கட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, இதாலே உங்களுக்கு வேலை போகுமோ என்று கேட்டார்.

“போகலாம்.”

“எனக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அக்கா.”

“வரட்டும் சேர். ரெண்டு பேரும் மறுமொழி எழுதுவம்.”

அவர் ஜீப்பின் முகப்பில் குறிப்புப் புத்தகத்தை வைத்து எழுதினார். எழுதியதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்றே அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. நாடாவை விரித்து நடைபாதையில் ஐந்தடி அகலத்துக்கும் ஒன்பது அடி நீளத்துக்கும் சோக்கட்டியால் கோடு இழுத்து, இந்தக் கோட்டுக்குள்ளே மட்டும் வெட்டுங்கோ என்று வீரபாகுவிடம் சொன்னார். அந்தச் சந்தியில் அரசாங்கம் கீறிய கோடுகளில் முதன்முதலாக ஒன்று ஒரு மனிதரை எண்ணிக் கீறப்பட்டது.

ஓரக்கல் மூன்று துண்டாகப் போனது. பதித்த கற்களைக் கிளப்பி, மண்ணைச் சரிவாக வழித்து, பிள்ளையாரின் படிகளை உடைத்த கல்லையே அடியில் பரப்பி இடித்தார்கள். மஹ்றூப் சீமெந்துப் பை ஒன்றைத் தோளில் கொண்டுவந்து இறக்கினார். பன்னிரண்டு பை கொடுத்தபோது இந்தப் பதின்மூன்றாவது ஏன் என் புத்தியில் வரவில்லை, கடை வாசலில் இருந்து தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்று யாருக்கென்றில்லாமல் சொன்னார். ஈரக் கொங்கிறீற்றுக்கு மேலே, காயும்வரைக்கும், இரண்டு அகலப் பலகைகளைத் தாங்கு கொடுத்து வைத்தார்கள். இராசமலர் கைப்பிடியைச் சுழற்றினாள். வண்டி ஏறியது. யாரும் பின்னால் தள்ளவில்லை. தள்ள வந்த கையை வீரபாகு தடுத்துவிட்டார்.

கந்தோரில் மணி பத்து ஐந்து. சிவப்புக் கோடு எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. சுதாஜினி பதிவேட்டைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண்டிப்பான மனுசி, அநியாயக்காரி அல்ல. காலையில் தன் காரில் மேற்குப் பக்கமாகவே வந்து மேற்குப் பக்கமாகவே போகிறவர், யன்னலால் முதன்முதலாக அன்றைக்குத்தான் இரண்டு மணித்தியாலம் அந்தக் கடவையைப் பார்த்திருந்தார். பத்தாவது தடவையைத் தன்னால் மறைக்க முடியாது என்றார். பிறகு பேனையைக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“நான் சுகவீனம் எண்டு போடுறன், மலர். வைத்தியத் துண்டும் இருக்குத்தானே. அது எண்டால் அறிக்கை அனுப்பத் தேவை வராது.”

ஒரு சொல். அந்தச் சொல்லுக்குத் தலையசைத்தால் வேலை அவளுடையது. நிசாந்தினி கரும்பீடத்துக்கு அப்பாலிருந்து கண்ணால் கெஞ்சினாள்.

“எனக்கு ஒரு சுகவீனமும் இல்லை, மிஸ். அந்தக் கல்லுக்குத்தான் இருந்தது. காரணத்தை நான் எழுதுறன்.”

பேனையை வாங்கி எழுதினாள். கடவையின் மேற்குப் பக்கத்தில் ஒன்பது அங்குல ஓரக்கல் இருந்தது. அதை வெட்டுவித்துவிட்டு வந்தேன். கையொப்பமிட்டாள். அதோடு நிறுத்தவில்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். தனிப்பட்ட காரணம் என்ற சொற்கள் முதலில் கண்ட இடத்தில் நின்று, அதன் பக்கத்திலே சிறிய எழுத்தில், ஓரக்கல், மாற்றுப்பாதை அறுநூறு மீற்றர் என்று எழுதினாள். அதற்கு முந்திய பக்கம். அதற்கும் முந்திய பக்கம். கடவையில் நின்ற வான். கடவையில் நின்ற லொறி. ஒன்பது இடத்திலும் எழுதினாள். பதிவேட்டில் கைவைப்பது குற்றம் என்று சொல்லவேண்டிய சுதாஜினி, அவள் முடித்தபின் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பத்துக் குறிப்புகளின் கீழும் தன் சுருக்கக் கையொப்பத்தை வைத்தார்.

அறிக்கை போனது, அந்தப் பத்துக் குறிப்புகளும் பரமேஸ்வரனின் தாளும் இணைப்பாகப் போயின. ஐந்து கிழமைக்குப் பிறகு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நேரம் தவறியமையைக் கருத்திற்கொண்டு, இராசமலரின் தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதங்களுக்கு நீடிக்கப்படுகிறது. இணைப்புகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு வருடம் தாமதமாக வெட்டப்பட்ட கல்லுக்கு எவருடைய தகுதிகாண் காலமும் நீடிக்கப்படவில்லை.

வேலை போகவில்லையே, அது போதும் என்று நிசாந்தினி அவளுடைய கையைப் பிடித்தாள். போதாது என்றாள் இராசமலர். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், கமக்காரர் எவரும் வருமுன், வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து மேன்முறையீட்டை எழுதத் தொடங்கினாள். நேரம் தவறியது யார் என்ற கேள்வியோடு அது ஆரம்பித்தது.